களத்துச் சரிவும் கியர் எண்ணெயும்

“ரிவர்ஸ் போட்டா சித்த நேரம் யோசிச்சுப்போட்டுத்தான் மாப்ள நகருது.”

தை நோம்பிக்குக் குடும்பத்தோடு போயிருந்தபோது மச்சான் பேச்சுவாக்கில் சொன்னது இது. மச்சான் என் மனைவியின் அண்ணன். காங்கேயத்துக்கும் சென்னிமலைக்கும் நடுவே தோட்டம். தென்னை கொஞ்சம், வெள்ளாடு கொஞ்சம், மேட்டாங்காட்டில் கடலைக்காய். வண்டி 2011 மாடல் ஹோண்டா சிட்டி. 1.5 லிட்டர் பெட்ரோல் என்ஜின், ஐந்து வேக ஆட்டோமேட்டிக் கியர். செகண்ட் ஹேண்டில் வாங்கியது, ஓடியது 94,000 கிலோமீட்டர். முன்னால் வைத்திருந்தவர் வாராவாரம் வால்பாறை போய் வந்தவராம். கியர் எண்ணெய் மாற்றியதாகச் சர்வீஸ் புத்தகத்தில் ஒரு வரிகூட இல்லை. வாங்கிய மூன்று வருடத்தில் மச்சானும் மாற்றவில்லை. ஆக, வண்டியைக் குறை சொல்ல இதில் ஒன்றுமில்லை; பட்டினி போட்டது நாங்கள்.

நான் கார் மெக்கானிக் இல்லை. சென்னிமலையில் விசைத்தறி ஓட்டுகிறேன், என் தறியை நானே பிரித்து மாட்டுவேன். அந்தத் தைரியத்தில்தான் இதில் கை வைத்தேன். செய்தது, நடுவில் சொதப்பியது, சொதப்பல் பிடிபட்டது எல்லாவற்றையும் எழுதி வைக்கிறேன். ஸ்பேனர் பிடிக்கிற வேலை இதில் அரை மணி நேரம்கூட இல்லை. மீதியெல்லாம் அளவு. அந்த அளவில்தான் கோட்டை விட்டேன்.

எண்ணெய்தானா, வேறா?

மச்சான் அதற்கு முன்பே இரண்டு பட்டறையில் காட்டியிருந்தார். ஒருவர், “இந்த கியர் பாக்ஸுக்கு எண்ணெயே மாத்த வேண்டாங்க, ஆயுசுக்கும் அதேதான்” என்றாராம். இன்னொருவர், “பாக்ஸையே இறக்கோணும்” என்றாராம். ஒன்றுமே வேண்டாம் என்பதற்கும் மொத்தத்தையும் பிரி என்பதற்கும் நடுவில் யாரும் நிற்கவில்லை.

சரி, முதலில் வண்டியை நானே ஓட்டிப் பார்த்தேன். மூன்று விஷயம் தட்டுப்பட்டது. காலையில் பார்க்கிங்கிலிருந்து ரிவர்ஸுக்குத் தள்ளினால் இரண்டு விநாடி கழித்து ஒரு இழுப்பு. இரண்டாவது கியரிலிருந்து மூன்றாவதுக்கு மாறும்போது லேசான உதறல். மூன்றாவதுதான் விசித்திரம்: பெருந்துறை தாண்டி நான்கு வழிச் சாலையில் 65, 70 வேகத்தில் காலை லேசாக வைத்துக்கொண்டு போனால், ரோட்டில் வரிவரியாகப் போட்ட வேகத்தடை மேல் ஏறியது மாதிரி ஒரு நடுக்கம். நாலைந்து விநாடி இருக்கும், தானே போய்விடும்.

நடுக்கம் என்றதும் டயர், வீல் பாலன்ஸ், பிளக் என்று எதை வேண்டுமானாலும் சொல்லலாம். பிரித்துப் பார்க்க ஒரு சுலபமான வழி இருக்கிறது. பின்னால் வண்டி வரவில்லை என்று உறுதி செய்துகொண்டு, நடுங்கும்போது ஆக்சிலரேட்டரை விடாமலே இடது காலால் பிரேக்கைத் தொட்டும் தொடாமலும் தொட வேண்டும். பிரேக் விளக்கு எரிகிற அளவு போதும். என்ஜின் சுழற்சியை எண்ணெய் வழியாக கியர் பாக்ஸுக்குக் கடத்துகிற பாகம் டார்க் கன்வர்ட்டர்; அதற்குள் இரண்டையும் நேராகப் பூட்டுகிற லாக்கப் கிளட்ச் ஒன்று இருக்கிறது. பிரேக் சிக்னல் கம்ப்யூட்டருக்குப் போனதும் அந்தக் கிளட்ச்சை வண்டி விடுவித்துவிடும். நடுக்கம் சட்டென்று நின்றால் அது டயரும் இல்லை, பிளக்கும் இல்லை, அந்தக் கிளட்ச். மூன்று தடவை செய்தேன், மூன்று தடவையும் வெட்டியது போல் நின்றது.

ரிவர்ஸ் இழுப்புக்கு என்ஜினைத் தாங்குகிற ரப்பர் மவுண்ட்டும் காரணமாக இருக்கலாம். மச்சானை பிரேக்கை மிதித்துக்கொண்டு கியரை மாற்றி மாற்றிப் போடச் சொல்லி, பானட்டைத் திறந்து ஓரமாக நின்று பார்த்தேன். என்ஜின் கொஞ்சம் புரண்டது, துள்ளவில்லை. மவுண்ட் போனால் ‘டொம்’ என்று அடிக்கும், தாமதிக்காது. இங்கே இருந்தது தாமதம். மீட்டரில் டி விளக்கு மினுக்கவும் இல்லை. இந்த வண்டியில் கியர் பாக்ஸின் கம்ப்யூட்டர் கோளாறு எதையாவது கண்டால் அந்த விளக்குதான் மினுக்கும்.

கடைசியாக எண்ணெய்க் குச்சி. கியர் பாக்ஸின் மேலே, கை நுழைகிற அளவு இடத்தில், மஞ்சள் வளையத்தோடு இருக்கும். உருவி ஒரு வெள்ளைத் துணியில் ஒற்றினேன். புது எண்ணெய் செக்கச்செவேல் என்று தெளிவாக இருக்கும். இது காப்பிக் கஷாய நிறம். மூக்கருகே கொண்டுபோனால் முறுக்குச் சட்டியில் மூன்றாவது நாளும் அதே எண்ணெயைக் காய்ச்சியது போல ஒரு தீய்ந்த வாசம். தூள் எதுவும் கையில் நெறிபடவில்லை. அந்தக் கடைசி விஷயம்தான் எனக்கு நம்பிக்கை தந்தது.

எண்ணெய் ஏன் கெடுகிறது

ஆட்டோமேட்டிக் கியர் பாக்ஸில் எண்ணெய்க்கு வேலை ஒன்றல்ல. பல் சக்கரத்துக்கு வழுவழுப்பு, கிளட்ச்சை அமுக்குகிற அழுத்தம், என்ஜின் சுழற்சியை கன்வர்ட்டரில் கடத்துகிற கை, சூட்டை வெளியே தள்ளுகிற தண்ணீர், எல்லாம் அதே எண்ணெய்தான். இதற்கு மேல் ஒன்று இருக்கிறது: கிளட்ச் தட்டுகள் ஒன்றோடொன்று சேரும்போது எவ்வளவு வழுக்க வேண்டும், எப்போது பிடிக்க வேண்டும் என்பதைத் தீர்மானிக்கிற ரசாயனத்தை அதில் கலந்திருப்பார்கள். முதலில் தேய்வது அதுதான். அது போய்விட்டால் தட்டு ஒரேயடியாக வழுக்கவும் செய்யாது, ஒரேயடியாகப் பிடிக்கவும் செய்யாது. பிடித்து விட்டு, பிடித்து விட்டு என்று போகும். எண்ணெய் போடாத கதவுக் கீல் கிறீச்சிடுவதும் இதே கணக்குத்தான். நாம் நாற்காலியில் உணர்ந்த நடுக்கம் அந்தக் கிறீச்.

அதைத் தின்பது சூடு. லாக்கப் பிடித்திருக்கிற வரை கன்வர்ட்டர் ஒரு கட்டி இரும்பு மாதிரி, சூடு குறைவு. மலையேற்றத்தில், கொண்டை ஊசி வளைவில், ஊர்ந்து போகிற நெரிசலில் லாக்கப் பிடிக்காது. எண்ணெயைக் கடைந்து கடைந்துதான் வண்டி நகரும், வழுக்குகிற சக்தியெல்லாம் சூடாக மாறும். ஆழியாற்றிலிருந்து வால்பாறைக்கு 40 கொண்டை ஊசி. வாராவாரம் அதில் ஏறி இறங்கி, வார நாட்களில் திருப்பூர் நெரிசலில் நின்றால் எண்ணெய் என்ன பாடுபடும்! சூடு சுமார் 10 டிகிரி கூடினால் எண்ணெயின் ஆயுள் பாதியாகும் என்பது ரசாயனக்காரர்களின் தோராயக் கணக்கு. ‘ஆயுசுக்கும் அதே எண்ணெய்’ என்றவர் யாருடைய ஆயுசைச் சொன்னார் என்று கேட்க மச்சானுக்குத் தோன்றவில்லை.

என்ன எண்ணெய் என்பதில் விளையாடக் கூடாது. இந்த வகைக்கு முதலில் வந்தது இசட்-1. பிறகு அதன் இடத்தில் டி.டபிள்யூ-1 வந்தது, பழைய பெட்டிகளிலும் ஊற்றலாம். ஆனால் 2014இல் வந்த அடுத்த சிட்டியில் இருப்பது சி.வி.டி. உள்ளே பல் சக்கரம் மாற்றுகிற வேலையே இல்லை, இரும்புப் பட்டையும் கப்பியும்தான். அதன் எண்ணெயே வேறு. கடைக்காரரிடம் ‘சிட்டி ஆட்டோமேட்டிக்’ என்று மட்டும் சொன்னால் இரண்டில் எதையும் எடுத்து நீட்டுவார். எனக்கு நீட்டியது தப்பான டப்பாதான். வண்டியின் வருடத்தைச் சொல்லி, கையேட்டின் பக்கத்தை போனில் காட்டிய பிறகு மாற்றிக் கொடுத்தார். செலெரியோ மாதிரி ஏ.எம்.டி. வண்டி என்றால் கதை இன்னும் வேறு. அது சாதாரண கியர் பாக்ஸ்தான், கிளட்ச்சை மிதிக்க ஒரு மெஷின் கால், கியரை மாற்ற ஒரு மெஷின் கை.

முதல் ஞாயிறு

பிளக்கைக் கழற்றினால் மொத்த எண்ணெயும் வராது. இந்தப் பெட்டியில் ஐந்தரை லிட்டர் சொச்சம் இருக்கும். வடிகிறது இரண்டரைக்குச் சற்றுக் குறைவு. மீதி கன்வர்ட்டரிலும் குழாய்களிலும் தங்கிவிடும். ஒரு தடவை மாற்றினால் 100க்கு 56 பங்கு பழசு நிற்கும். நடுவில் ஓட்டிக் கலக்கி இரண்டாவது தடவை மாற்றினால் 32, மூன்றாவதில் 18. அதனால் மூன்று தடவை என்று முடிவு செய்து எட்டு லிட்டர் வாங்கினேன். மெஷின் வைத்து அழுத்தத்தில் கழுவுகிறார்களே, அது வேண்டாம் என்று நினைத்தேன். பழைய பெட்டிக்கு மெதுவாகப் போவதுதான் நல்லது.

சில கார்களில் அடித்தட்டைக் கழற்றி ஃபில்டரும் கேஸ்கெட்டும் மாற்ற வேண்டியிருக்கும். இதில் தட்டே இல்லை. கீழே ஒரு பிளக், அதில் சதுரப் பள்ளம். முக்கால் அங்குலத்தில் பாதி, அதாவது 3/8 அங்குல ராட்செட்டின் தலை நேராக உட்காரும். அடையாளமும் அதுவே. பக்கத்தில் என்ஜின் எண்ணெய் பிளக் இருக்கிறது, அது 17 எம்.எம். அறுகோணத் தலை. இரண்டையும் மாற்றிப்போட்டு, கியர் எண்ணெயை வடித்துவிட்டு என்ஜினில் இன்னொரு நாலு லிட்டர் ஊற்றியவர்கள் உலகம் முழுக்க உண்டு.

மச்சான் வீட்டுக் களத்தில்தான் வேலை. பின் சக்கரத்துக்குக் கட்டை வைத்து, ஹேண்ட் பிரேக் போட்டு, முன் சக்கரங்களை இரும்புச் சாய்வு மேல் ஏற்றினோம். மச்சான் ஹாலோபிளாக் கல் கொண்டுவந்தார். வேண்டவே வேண்டாம் என்றேன். அது சுவருக்குள் இருக்கும்போதுதான் பலம். ஒற்றைக் கல்லாக வண்டி பாரம் ஏறினால் சொல்லாமல் நொறுங்கும். வெறும் ஜாக்கை நம்பிக் கீழே படுப்பதும் அப்படித்தான்.

வண்டியைப் பத்து நிமிடம் ஓட்டி, கை பொறுக்கும் சூடு வரை ஆறவிட்டு, பிளக்கைத் திறந்தேன். மச்சான் வீட்டுப் பழைய அலுமினியப் போசியில் கறுப்பாக இறங்கியது. பிளக்கின் நுனியில் காந்தம். அதன் மேல் சாம்பல் நிறத்தில், பல்பொடியைத் தண்ணீரில் குழைத்தது போல ஒரு பசை. இதில் பயம் இல்லை. கிளட்ச்சும் பல் சக்கரமும் வருடக்கணக்கில் உரசிய நயமான தூள். செதில், ஊசி, பளபளக்கும் துண்டு என்று இருந்தால் அங்கேயே வேலையை நிறுத்தி, ‘இறக்கோணும்’ என்றவரிடம் போயிருக்க வேண்டும். விரலில் தேய்த்துப் பார்த்தேன், மாவு மாதிரி கரைந்தது.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். நம்ம பக்கம் துடைக்கிற துணி என்றாலே பனியன் வேஸ்ட்தான். திருப்பூரிலிருந்து மூட்டை மூட்டையாக வரும், எந்தப் பட்டறையிலும் கிடக்கும். கியர் பாக்ஸ் வேலைக்கு அதைத் தொடாதீர்கள். வெட்டிய ஓரத்திலிருந்து பஞ்சும் நூலும் உதிரும். உள்ளே இருக்கிற வால்வுகளின் ஓட்டை மிக நுண்ணியது. ஒரு நூல் இழை போய் உட்கார்ந்தால் கியரே விழாது. தறிக்காரன் சொல்கிறேன், நூல் எங்கெல்லாம் போகும் என்று எனக்குத் தெரியும். வெளுத்துக் காய்ந்த பழைய வேட்டியைக் கிழித்து வைத்துக்கொண்டேன்.

புது வாஷர் போட்டு பிளக்கை முடுக்கினேன். அந்த அலுமினிய வாஷர் ஒரு தடவை நசுங்கத்தான்; பழையதை மறுபடி போட்டால் கசியும். முடுக்க வேண்டிய அளவு 49 நியூட்டன் மீட்டர். டார்க் ரெஞ்ச் என்னிடம் இல்லை. ஆனால் கோழி எடை போடுகிற ஸ்பிரிங் தராசு அத்தையிடம் இருந்தது. ராட்செட்டில் பைப்பைச் செருகி, பிளக்கின் நடுவிலிருந்து சரியாக அரை மீட்டரில் கொக்கியை மாட்டி, பைப்புக்குச் செங்குத்தாக முள் 10 கிலோ காட்டும் வரை இழுத்தால் கணக்கு அதேதான். அலுமினியப் பெட்டியில் வெறும் கைவேகத்தில் முடுக்கி மரையைத் தின்னவிட்டால் அப்புறம் அழுது பயனில்லை.

இது வரை எல்லாம் ஒழுங்கு. வடித்த எண்ணெயை அளந்துவிட்டு அதே அளவு ஊற்றலாம் என்று எழுந்தபோதுதான், கட்டிப்போடாத வெள்ளாட்டுக் குட்டி ஒன்று துள்ளி வந்து போசி விளிம்பில் காலை வைத்தது. போசி கவிழ்ந்தது. குட்டி அதில் நனைந்து களம் முழுக்கக் குளம்பு அச்சு வைத்துக்கொண்டு ஓடியது.

“ஏஞ் சாமி, கடலைக்காய் காயப்போடற எடத்துலயா இந்த வேலையச் செய்வீங்க?” என்று அத்தை ஆசாரத்திலிருந்து ஒரு சத்தம் போட்டார். சாம்பலும் மரத்தூளும் போட்டு அள்ளி, குட்டியைச் சோப்புப் போட்டுக் கழுவி முடிக்க ஒரு மணி நேரம். நக்கிவிடாமல் பார்த்துக்கொண்டோம். அந்த எண்ணெய் உடம்புக்குள் போகக் கூடாதது.

எவ்வளவு வடிந்தது என்பது களத்தோடு போயிற்று. பரவாயில்லை, குச்சி இருக்கிறதே என்று நினைத்தேன். நீளக் குழாய் மாட்டிய புனலைக் குச்சி ஓட்டையிலேயே செருகி 2 லிட்டர் ஊற்றினேன். வண்டியை இறக்கி, களத்தோரம் எப்போதும் நிறுத்துகிற இடத்தில் நிறுத்தி, சூடேற்றி, குச்சியைப் பார்த்தால் மேல் கோட்டுக்கு ஒட்டி நின்றது. போதும் என்று மூடிவிட்டுக் கறிக்குழம்பு சாப்பிடப் போய்விட்டோம்.

ஏழு சென்டிமீட்டர்

செவ்வாய்க்கிழமை போன் வந்தது. “மாப்ள, முன்னைக்கு இப்ப மோசம். சென்னிமலை மேல வண்டியில ஏறறப்ப திருப்பத்துல என்ஜின் மட்டும் அலறுது, வண்டி நகரல. ரிவர்ஸுக்கு மூணு எண்ணோணும்.”

அன்று இரவு தூக்கம் இல்லை. ‘பழைய பெட்டியில எண்ணெய மாத்தாதீங்க, மாத்தினா செத்துப்போகும்’ என்று ஊரில் ஒரு பேச்சு உண்டு. அதில் பாதி உண்மை. கிளட்ச் தட்டு ஏற்கெனவே தேய்ந்து வழுக்குகிற நிலையில்தான் பலர் எண்ணெய் மாற்ற வருவார்கள். மாற்றிய பிறகு பெட்டி சாகும், பழி எண்ணெய் மேல் விழும். நம்ம வண்டியும் அந்தக் கணக்கில் சேர்ந்துவிட்டதோ?

யோசித்தால் ஒன்று இடித்தது. தேய்ந்த கிளட்ச் என்றால் நேர் ரோட்டிலும் வழுக்க வேண்டும். மச்சான் சொன்னது திருப்பத்தில், ஏற்றத்தில். எண்ணெய் ஒரு பக்கமாகச் சாயும்போது மட்டும் பிரச்சினை என்றால், பம்ப் காற்றைக் குடிக்கிறது. அதாவது எண்ணெய் குறைவு. ஆனால் குச்சி மேல் கோட்டைக் காட்டியதே?

வண்டியை ஏற்றம் ஏற வேண்டாம் என்று சொல்லிவிட்டு, புதன் சாயங்காலம் கொத்தனாரிடம் டியூப் லெவல் இரவல் வாங்கிக்கொண்டு போனேன். தண்ணீர் நிரப்பிய அந்தக் குழாயின் ஒரு முனையை வலது முன் டயர் பக்கமும் மறு முனையை இடது முன் டயர் பக்கமும் பிடித்துத் தரையிலிருந்து அளந்தோம். இடது பக்கம் 7 சென்டிமீட்டர் தாழ்வு.

களம் என்றால் மட்டமாகத்தான் இருக்கும் என்று நம் கண் நம்பிவிடும். மட்டமாக இருந்தால் மழைத் தண்ணீர் நின்று காயப்போட்டது முளைக்கும். அதனால் களம் போடுகிறவர்கள் தெரியாத மாதிரி ஒரு சரிவு வைப்பார்கள். மச்சான் வண்டி நிறுத்துகிற ஓரத்தில், தண்ணீர் வெளியே போகிற இடம் என்பதால், அது இன்னும் கூடுதல். இரண்டு சக்கரத்துக்கும் நடுவே ஒன்றரை மீட்டர்கூட இல்லை. அதில் ஏழு சென்டிமீட்டர் என்றால் எண்ணெய் முழுக்கக் குச்சி நிற்கிற பக்கம் போய்ச் சேரும். குச்சி நிறைந்த வயிறு காட்டும், பம்ப்புக்கு அரைப் பட்டினி. புதுத் தறி இறக்கினால் நான் முதலில் எடுப்பது ரசமட்டம். காருக்கு அது தோன்றவில்லை.

இன்னொரு தப்பும் அதோடு சேர்ந்திருந்தது. எண்ணெய் ஊற்றியதும் குச்சி போட்டதும் ஒரே ஓட்டை வழியாக. ஊற்றிய எண்ணெய் ஓட்டையின் சுவரில் வழிந்துகொண்டே இருக்கும். குச்சியை இறக்கும்போது அது பூசிக்கொள்ளும். உண்மையான மட்டத்துக்கு மேலேயும் ஈரம் தெரியும். அதற்கு மருந்து பொறுமை மட்டுமே. துடைத்து, நுழைத்து, பார்த்து, மறுபடி துடைத்து, இரண்டு முகத்திலும் ஒரே கோடு வரும் வரை செய்ய வேண்டும்.

இடது சக்கரங்கள் இரண்டின் கீழும் பலகை அடுக்கி ஏழு சென்டிமீட்டரை ஈடுகட்டினோம். ரேடியேட்டர் ஃபேன் சுற்றும் வரை சூடேற்றி, என்ஜினை நிறுத்தி, போனில் விநாடி எண்ணி 60க்கும் 90க்கும் நடுவில் குச்சியை உருவினேன். இந்த வண்டிக்கு அதுதான் முறை. என்ஜின் ஓடிக்கொண்டிருக்கும்போதே பார்க்கிற வண்டிகளும் உண்டு. அந்தப் பழக்கத்தை இங்கே கொண்டுவரக் கூடாது. ஓடும்போது பம்ப் மேலே ஏற்றிய எண்ணெய் கீழே இறங்க அவகாசம் வேண்டும். ரொம்ப நேரம் விட்டாலோ ஆறிச் சுருங்கிவிடும், கன்வர்ட்டரிலிருந்தும் வடியத் தொடங்கும்.

குச்சியில் எண்ணெய் கீழ்க் கோட்டுக்கும் கீழே, விரல் அகலம் குறைவு.

200 மில்லி ஊற்றி ஓட்டி, மறுபடி சூடேற்றி, பார்த்து, இன்னொரு 150 மில்லி. இரண்டு கோட்டுக்கும் நடுவில் மேல்பக்கமாக வந்து நின்றது. ‘குறையக் கூடாது என்றால் கூடவே ஊற்றிவிடலாமே’ என்றார் மச்சான். கூடினாலும் கெடுதல்தான். சுழலுகிற பல் சக்கரம் எண்ணெயில் முங்கி அதை மோர் கடைவது போலக் கடையும். நுரையில் இருப்பது காற்று, காற்றை அமுக்கினால் அழுத்தம் நிற்காது. கடைசியில் குறைவாக ஊற்றியதற்கு வந்த அதே வழுக்கல் வந்து நிற்கும்.

அன்றிரவே மச்சான் மலைப்பாதையில் ஏறி இறங்கிவிட்டு அழைத்தார். அலறல் இல்லை.

தராசு வந்த பிறகு

இரண்டாவது, மூன்றாவது தடவைகளை என் தறிக்குடோனில் வைத்துக்கொண்டேன். தரை மட்டமாகப் போட்டது. டியூப் லெவலில் அரை சென்டிமீட்டர்கூட வித்தியாசம் இல்லை. அப்பாரு காலத்துக் குழித்தறியின் குழி மூடாமல் இருந்திருந்தால் சாய்வுகூட வேண்டாம், இறங்கி நின்றே வேலை பார்த்திருக்கலாம் என்று மச்சானிடம் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை.

இந்தத் தடவை நூல் எடை போடுகிற எலக்ட்ரானிக் தராசைப் பயன்படுத்தினேன். லிட்டர் கணக்கில் அளந்தால் சூடான எண்ணெய் விரிந்து கூடக் காட்டும், புதுசு ஆறியிருக்கும்; இரண்டும் ஒன்றாகாது. எடைக்குச் சூடு தெரியாது. காலிப் போசி 620 கிராம். வடித்த பிறகு 2 கிலோ 660. எண்ணெய் மட்டும் 2 கிலோ 40 கிராம். இந்த எண்ணெய் லிட்டருக்கு ஏறக்குறைய 850 கிராம், ஆக 2.4 லிட்டர். புதுப் புட்டிகளை எடை போட்டு, ஊற்றி, காலிப் புட்டியையும் எடை போட்டு அதே 2,040 கிராம் உள்ளே அனுப்பினேன். சூடேற்றி 70ஆவது விநாடியில் குச்சி பார்த்தால், புதன்கிழமை நின்ற அதே இடம். ஒரு சொட்டுகூடத் தொட வேண்டியிருக்கவில்லை.

முதல் தடவை ஆட்டுக்குட்டி கவிழ்த்த இரண்டு லிட்டர் சொச்சத்தை அப்படியே எடை போட்டிருந்தால் டியூப் லெவலுக்கே வேலை வந்திருக்காது.

நடுவில் மச்சான் 300 கிலோமீட்டர் ஓட்டியிருந்தார். இரண்டாவது மாற்றத்துக்குப் பிறகு பெருந்துறை சாலையில் அந்த நடுக்கம் வரவே இல்லை. மூன்றாவதை நான் சொன்னதற்காகச் செய்தார். அதில் வடிந்தது 2 கிலோ 60 கிராம், நிறம் மருதாணித் தண்ணீர். பிளக் காந்தத்தில் பசை பெயருக்குத்தான்.

புனலின் குழாயும் டியூப் லெவல் குழாயும் பார்க்க ஒன்று போலவே இருந்ததால், அவசரத்தில் ஒன்றுக்கு இன்னொன்றை எடுக்கப் பார்த்தேன். தண்ணீர் பட்ட குழாய் கியர் பாக்ஸ் பக்கமே போகக் கூடாது. கிளட்ச் தட்டில் ஒட்டியிருக்கிற காகித மாதிரியான பூச்சு ஈரத்தில் உரிந்துவிடும். அதிலிருந்து எண்ணெய்க் குழாயில் சிவப்பு நூல் கட்டி வைத்திருக்கிறேன்.

பழைய எண்ணெய் ஐந்து லிட்டருக்குச் சற்றுக் குறைவாகச் சேர்ந்தது. ‘வேலிக் கம்பத்துக்குப் பூசினா கறையான் ஏறாது’ என்றார் பக்கத்துத் தோட்டத்துக்காரர். ஊரெல்லாம் செய்வதுதான். நான் கொடுக்கவில்லை. ஒரத்துப்பாளையம் அணை இங்கிருந்து கூப்பிடு தூரம். 1992இல் விவசாயத்துக்கென்று கட்டி முடித்த அணையில் நொய்யல் கொண்டுவந்த சாயக் கழிவு தேங்கி, கிணறு கிணறாகக் கெட்டது. 2011இல் சாயப்பட்டறைகளை மூடச் சொல்லி உயர் நீதிமன்றம் உத்தரவு போடும் வரை போனது. மண்ணில் ஊற்றியது எங்கே போகும் என்று இந்தப் பக்கத்து ஆளுக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. கேனில் அடைத்து, பழைய எண்ணெய் சேகரிக்கிற வண்டி வருகிற பட்டறையில் கொடுத்தேன்.

இப்போது

மூன்றாவது மாற்றத்துக்குப் பிறகு 3,200 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. ரிவர்ஸ் ஒரு விநாடிக்குள் பிடிக்கிறது. நடுக்கம் இல்லை. வால்பாறைக்கு ஒரு தடவை ஏறி இறங்கியும் குச்சியில் மட்டம் மாறவில்லை, வாசமும் இல்லை. போகாமல் நிற்பது ஒன்று: மார்கழிக் குளிரில் முதல் ஐந்து நிமிடம் இரண்டுக்கும் மூன்றுக்கும் நடுவே அந்தச் சின்ன உதறல் இருக்கிறது. சூடேறியதும் போய்விடுகிறது. எண்ணெய் தீர்க்காத ஏதோ தேய்மானம் அது; அதற்காக இப்போதைக்குப் பெட்டியை இறக்குகிற யோசனை இல்லை.

நாலு சின்னக் கண்ணாடிப் புட்டியில் மாதிரி எடுத்துத் தறிக்குடோன் ஜன்னலில் வரிசையாக வைத்திருக்கிறேன். கஷாயம், செம்பழுப்பு, மருதாணி, கடைசியில் புதுசு. போன வாரம் மச்சானின் பங்காளி ஒருவர் அதைப் பார்த்துவிட்டு, “நம்ம வண்டிக்கும் இதே மாதிரி மூணு தடவ மாத்திக் குடுத்துருங் மாப்ள” என்றார். வெளியே போய்ப் பார்த்தேன். 2016 மாடல், சி.வி.டி.

“புத்தகத்தை எடுத்துட்டு வாங்க மாமா, என்ன எண்ணெய், எப்படி மட்டம் பாக்கறதுன்னு பாத்துட்டுப் பேசலாம்” என்றேன். டாஷ்போர்டு பெட்டியைத் திறந்தார். உள்ளே சாமி படமும் டோல் ரசீதும்தான் இருந்தன.